17 வருட உழைப்பு எந்த நோட்டில் இருக்கிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "திண்டுக்கல்லில் ஹார்டுவேர், பெயின்ட் மொத்தக் கடை. 1984-இல் அப்பாவும் சித்தப்பாவும் பாதிக்குப் பாதி பார்ட்னர்களாகத் தொடங்கினார்கள். அப்பாவுக்கு இப்போது 71 வயது. நான் மூத்தவன். காலேஜ் முடித்ததிலிருந்து 17 வருடமாகக் கடையில்தான் இருக்கிறேன். சம்பளம் என்று எதுவும் கிடையாது, தேவைக்குக் கல்லாவிலிருந்து எடுத்துக்கொள்வேன். தம்பி பெங்களூரு ஐ.டி. வேலையை விட்டு வந்து ஒரு வருடமாகக் கடையில் உட்காருகிறான். தங்கையைக் கோவையில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். செக்கில் கையெழுத்து இன்றுவரை அப்பாதான். வீட்டில் என் மனைவிக்கும் தம்பி மனைவிக்கும் பேச்சே நின்றுவிட்டது. பங்கைப் பிரித்துக் கொடுங்கள் என்று அப்பாவிடம் கேட்டுவிடலாமா?"

இப்போது கேட்காதீர்கள். பங்கு கேட்பதற்கு முன்னால் சம்பளம் கேளுங்கள்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக உங்கள் பக்கத்து ஊர்களில் குடும்பக் கடைகளுக்கும் ஆலைகளுக்கும் கணக்குப் பார்க்கிறேன். சண்டை முற்றிய பிறகு என் மேஜைக்கு வந்த குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் வெளியே கேட்பது பங்குச் சண்டை. உள்ளே தோண்டினால் அது சம்பளச் சண்டை. ஒருவன் பல வருடம் கூலி எழுதாமல் உழைக்கிறான். அந்தக் கூலி அவன் மனதில் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. ஒருநாள் அதை மொத்தமாகப் பங்காகக் கேட்கிறான். கூடப் பிறந்தவர்களோ, "நமக்கு எல்லாம் சமம்தானே, இவன் ஏன் கூடக் கேட்கிறான்?" என்று நினைக்கிறார்கள். இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதனால்தான் அந்தச் சண்டை லேசில் தீருவதில்லை.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு அரிசி ஆலை. மூத்த மகன் இருபத்திரண்டு வருடம் ஆலையிலேயே கிடந்தவர், இளையவர் டாக்டர். அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். பேச்சுவார்த்தைக்கு நானும் போயிருந்தேன். இளையவர் மரியாதையாகத்தான் பேசினார்: "அண்ணன் எவ்வளவு எடுத்தார் என்று நான் கேட்கவில்லை, எனக்குச் சட்டப்படி வருவதைக் கொடுத்தால் போதும்." அதுவரை அடுப்படி வாசலில் நின்றிருந்த அண்ணி உள்ளே போய் ஒரு மஞ்சப்பையைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் கவிழ்த்தார். உள்ளே பதினொரு அடகுச் சீட்டு. பாய்லர் மாற்றிய வருடம், நெல் அழுகிய வருடம், வேலையாட்களுக்குத் தீபாவளி போனஸ் கொடுக்கப் பணம் இல்லாத வருடம் என்று ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு கதை இருந்தது. இரண்டு சீட்டில் நகை மூழ்கியே போயிருந்தது. ஆலைக் கணக்கில் இதில் ஒரு ரூபாய்கூட வரவாக எழுதப்படவில்லை. அந்தக் கணக்கைப் பல வருடம் தணிக்கை செய்தவன் நான். யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்தக் குடும்பக் கடைக்குப் போனாலும் முதலில் கேட்பது, "வீட்டு நகை ஏதாவது கடைக்காக வெளியே இருக்கிறதா?" என்றுதான். அந்த ஆலை இரண்டு வருடம் பூட்டிக் கிடந்து, பிறகு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

இப்போது உங்கள் கடையைப் பார்ப்போம். நாளைக்கே அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன நடக்கும்? சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கடையில் அவர் பங்கு பாதி. அது அவர் சுயமாகச் சம்பாதித்தது. உயில் இல்லாவிட்டால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா, நீங்கள், தம்பி, தங்கை நான்கு பேருக்கும் சமம். உங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி உயிரோடு இருந்தால் ஐந்து பேர். நான்கு பேர் என்றே வைத்துக்கொண்டாலும் உங்களுக்கு வருவது மொத்தக் கடையில் பன்னிரண்டரை சதவீதம். 17 வருடம் ஷட்டர் தூக்கியவருக்கும் அவ்வளவுதான், ஒரு வருடம் வந்தவருக்கும் அவ்வளவுதான், கோவையில் இருப்பவருக்கும் அவ்வளவுதான். சட்டத்தில் தவறு இல்லை. பிறப்பால் வருவதை அது சமமாகக் கொடுக்கிறது. உழைப்பால் வருவதை நீங்கள்தான் தனியாக எழுதி வைத்திருக்க வேண்டும்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று உங்கள் கேள்விக்குள் இருக்கிறது, நீங்கள் அதைக் கவனிக்கவில்லை. கடையில் பார்ட்னர்கள் இரண்டே பேர். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் ஒழிய, ஒரு பார்ட்னர் இறந்தால் நிறுவனம் கலைந்துவிடும். "இறந்தாலும் தொடரும்" என்று எழுதி வைத்திருந்தாலும் இரண்டு பேர் மட்டும் இருக்கும் நிறுவனத்தில் அது நிற்காது. ஒருவர் போனால் மிச்சம் ஒருவர்; ஒரே ஆளை வைத்துக் கூட்டாண்மை கிடையாது. அப்புறம் வங்கிக் கணக்கில் சிக்கல், ஜி.எஸ்.டி. பதிவைப் புதிதாக எடுத்துச் சரக்கு வாங்கும்போது கட்டிய வரியின் வரவைத் தனிப் படிவம் போட்டு மாற்றும் வேலை, கம்பெனி டீலர்ஷிப்புகளைப் புதுப்பெயரில் கேட்டு வாங்குவது, எல்லாம் துக்க வீட்டில் வந்து உட்காரும். வாரிசுகள் தாமாக பார்ட்னர் ஆகிவிடவும் முடியாது. அவர்களுக்குச் சேருவது அப்பா பங்கின் கணக்கை முடித்த பணம். அந்தப் பணத்தை எடுத்துக் கொடுக்க உங்கள் சித்தப்பாவிடம் ரொக்கம் இருக்குமா? சரக்கிலும் கடன் நோட்டிலும் அல்லவா இருக்கும். கணக்கு முடிக்காமலே அவர் வியாபாரத்தைத் தொடர்ந்தால், அந்தப் பங்குக்குரிய லாபத்தையோ வருடத்துக்கு 6 சதவீத வட்டியையோ வாரிசுகள் கேட்கலாம். சித்தப்பா பிள்ளைகளோடு உங்களுக்கு இன்று இருக்கும் நல்ல உறவு அந்த இடத்தில்தான் முறியும்.

ஆகவே முதல் வேலை, இரண்டு வீட்டிலிருந்தும் ஆளுக்கு ஒருவரைப் பார்ட்னராகச் சேர்ப்பது. உங்கள் வீட்டில் நீங்கள், சித்தப்பா வீட்டில் கடைக்கு வந்து போகும் பிள்ளை யாரோ அவர். நான்கு பேர் ஆகி, "ஒருவர் இறந்தாலும் தொடரும்" என்று பத்திரத்திலும் எழுதிவிட்டால், ஒருவர் இல்லாமல் போனாலும் கடை நிற்காது. ஒன்றை மறக்காதீர்கள்: பார்ட்னராகிவிட்டால் அதன் பிறகு கடை வாங்கும் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பு. கையெழுத்துக்கு முன்னால் ஓவர்டிராஃப்ட் எவ்வளவு, எந்த வீடு அடமானத்தில் இருக்கிறது, அப்பா யாருக்காவது ஜாமீன் போட்டிருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அப்பாவிடம் இதைக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

சேரும்போதே சம்பளத்தைப் பத்திரத்தில் எழுதுங்கள். வேலை பார்க்கும் பார்ட்னருக்குச் சம்பளம் உண்டு என்று பத்திரத்தில் இருந்தால்தான் வருமான வரியில் அதைச் செலவாகக் கழிக்க முடியும். அதற்கும் லாபத்தைப் பொறுத்து உச்சவரம்பு உண்டு. மூலதனத்துக்கு 12 சதவீதம் வரை வட்டியும் எழுதலாம். தொகையை எப்படி முடிவு செய்வது? உங்கள் இடத்தில் வெளியாள் ஒருவரை மேனேஜராக வைத்தால் என்ன கேட்பார், அதுதான் உங்கள் சம்பளம். தம்பிக்கும் அதே அளவுகோல்தான், அவர் பார்க்கும் வேலைக்கு என்ன தகுமோ அது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்த அவசியமும் இல்லை. அண்ணன் தம்பிக்குச் சம்பளம் வித்தியாசமாக இருக்கலாம், லாபத்தில் பங்கு சமமாக இருக்கலாம். இந்த இரண்டையும் குழப்பாமல் வைத்திருக்கும் வீடுகளில் பேச்சு நிற்பதில்லை. சம்பளம் வந்துவிட்டால் கல்லாவில் கை வைப்பதை இரண்டு பேரும் அன்றோடு நிறுத்துங்கள். "அவர் புள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கல்லாவிலிருந்து போச்சு, நமக்கு மட்டும் கணக்கு கேக்குறாங்க" என்ற பேச்சு உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும். மருமகள்கள் பேசாமல் போனதற்கு அவர்கள் குணத்தைக் குற்றம் சொல்லாதீர்கள். ஒருத்தி வீட்டுக்கு எவ்வளவு போகிறது என்று இன்னொருத்திக்குத் தெரியாத இடத்தில் சந்தேகம்தான் வளரும்.

சரி, போன 17 வருடத்துக்கு என்ன வழி? அதை மாதக் கணக்காகப் போட்டு வட்டியோடு கேட்கப் போகாதீர்கள், அப்பாவின் மனம் ஒடிந்துவிடும். நீங்கள் பார்ட்னராகச் சேரும் நாளில் அப்பா தன் மூலதனக் கணக்கிலிருந்து ஒரு தொகையை உங்கள் கணக்குக்கு மாற்றி எழுதலாம். தகப்பன் மகனுக்குக் கொடுப்பதற்கு வருமான வரி கிடையாது. தொகை எவ்வளவு என்பதைவிட, அம்மா, தம்பி, தங்கை மூன்று பேர் முன்னிலையில் "இது இவன் இத்தனை வருடம் உழைத்ததற்கு" என்று அப்பா தன் வாயால் சொல்வது முக்கியம். சொன்னதை ஒரு காகிதத்தில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் மனைவியின் நகை ஏதாவது கடைக்குள் போயிருந்தால் அவர் பெயரில் கடனாக வரவு வையுங்கள்.

தங்கை விஷயத்தில் பல வீடுகள் ஒரே தவறைச் செய்கின்றன. "சீர் செஞ்சாச்சு, அதோட முடிஞ்சுது" என்பது பழக்கம், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அப்பாவின் சுய சம்பாத்தியத்தில் மகளுக்குச் சம உரிமை 1956-இலிருந்தே உண்டு. பூர்வீகச் சொத்திலும் 2005 திருத்தம் மகளை மகனுக்குச் சமமாக்கியது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தங்கையிடம் வெற்றுத் தாளில், பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்கும் யோசனையை யாராவது கொடுத்தால் கேட்காதீர்கள். பேச்சின் முதல் நாளிலேயே அவரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். கடை வேண்டாம், வீட்டுமனையோ பணமோ போதும் என்று அவரே சொல்லக்கூடும். தானும் கடைக்கு வருகிறேன் என்றும் சொல்லலாம், அதையும் மனதாரக் கேட்க வேண்டும். மகள்களைக் கணக்கில் எடுக்காமல் போட்ட ஏற்பாடு பெரிய வீடுகளிலும் தடுக்கியிருக்கிறது. முருகப்பா குழுமத்தில் எம்.வி. முருகப்பன் 2017-இல் காலமான பிறகு, அவருடைய மகள் வள்ளி அருணாசலம் குடும்பத்தின் முதலீட்டு நிறுவனமான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸின் இயக்குநர் குழுவில் இடம் கேட்டார். அந்தக் கிளைக்கு 8 சதவீதத்துக்குச் சற்று மேலே பங்கு இருந்தும், 2020-இல் மற்ற பங்குதாரர்கள் அதை நிராகரித்தார்கள். சமரசம் ஏற்பட 2023 ஆனது. நூறு வருடத்துக்கு மேல் ஒற்றுமைக்குப் பெயர் எடுத்த குடும்பம் அது.

அடுத்தது அப்பாவின் கையெழுத்து. இதுதான் உங்களை அதிகம் வருத்துகிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. அவர் பக்கம் நின்று பாருங்கள். அவருக்கு பென்ஷன் கிடையாது, பி.எஃப். கிடையாது. அந்தச் செக் புத்தகம்தான் அவருடைய பென்ஷன். அதைக் கொடுத்துவிட்டால் பேரனுக்கு ஒரு சைக்கிள் வாங்கவும் மகனிடம் கை நீட்ட வேண்டும் என்ற பயம் இருக்கிறது. அந்தப் பயத்தை வாயால் சொல்ல மாட்டார். "உங்களுக்கு இன்னும் வியாபாரம் பத்தாது" என்றுதான் சொல்வார். எனவே முதலில் அவருக்கென்று ஒரு தனி வருமானம் ஏற்பாடு செய்யுங்கள். குடோன் இடம் அவர் பெயரில் இருந்தால் கடை அவருக்கு மாத வாடகை கொடுக்கட்டும், எழுத்து மூலமாக, அவர் தனிக் கணக்குக்கு. அதோடு ஒரு வைப்புத்தொகை, அதில் அம்மாவின் பெயரும் சேர்ந்து இருக்கட்டும். இவ்வளவும் நடந்து மூன்று நான்கு மாதம் வாடகை தவறாமல் விழுந்த பிறகு கையெழுத்தைப் பற்றிப் பேசினால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

கொடுப்பதும் ஒரே நாளில் வேண்டாம். முதல் வருடம் கொள்முதல் முழுக்க உங்கள் பொறுப்பு. அடுத்து, யாருக்கு எவ்வளவு கடன் விடுவது என்ற முடிவு. உங்கள் தொழிலில் கடை எழுவதும் விழுவதும் அங்கேதான், மேஸ்திரிக்கும் கான்ட்ராக்டருக்கும் விடும் கடனில். கடைசியாகச் செக். அதிலும் முதலில் ஒரு தொகை வரைக்கும் நீங்கள் தனியாக, அதற்கு மேல் இரண்டு கையெழுத்து. இந்தப் படிகளைத் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். "பார்க்கலாம்" என்று விட்டால் அது பத்து வருடம் ஓடும்.

நாற்காலி விஷயத்தில் கவனமாக இருங்கள். ஒரு பாத்திரக் கடையில் பிள்ளைகள் நல்லெண்ணத்தோடுதான் செய்தார்கள். கடையைப் புதுப்பித்தபோது அப்பாவுக்கு மாடியில் ஏ.சி. போட்ட தனி அறை கட்டினார்கள். கல்லாப் பக்கத்தில் அவருடைய பழைய மர நாற்காலி இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் பில்லிங் மேஜை வந்துவிட்டது. அவர் இரண்டு நாள் மாடியில் உட்கார்ந்தார். மூன்றாம் நாளிலிருந்து கடைக்கே வரவில்லை, வீட்டிலும் யாரோடும் பேசவில்லை. என்னிடம் மட்டும் சொன்னார்: "வர்றவங்க முகத்தப் பாக்காம நான் என்ன வியாபாரி?" நாற்காலியை மீண்டும் கீழே கொண்டுவந்து போட்ட பிறகுதான் சரியானது. உங்கள் அப்பாவிடமிருந்து அதிகாரத்தை வாங்கும்போது ஒரு வேலையை அவரிடமே விட்டுவையுங்கள். பழைய பாக்கி வசூலுக்கு அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நீங்கள் பத்துத் தடவை போன் போட்டும் எடுக்காத கான்ட்ராக்டர், அவர் நேரில் போய் நின்றால் எழுந்து நிற்பார்.

தம்பியைப் பற்றிக் கொஞ்சம் உங்களிடமே சொல்ல வேண்டும். வெளியே வேலை பார்த்துவிட்டு வந்தவர் என்பது கடைக்குக் குறை இல்லை. செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில், வசதியான வீட்டுப் பிள்ளையும் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, இன்னொருவர் கடையில் சேர்ந்து, அடுத்தாள் என்ற உதவியாளர், பிறகு கடையை நடத்தும் ஏஜென்ட் என்று படிப்படியாகத்தான் மேலே வந்தான். முதலாளி மகன் என்ற சலுகை இல்லாத இடத்தில் கற்றுக்கொள்வது அவர்களுக்கு வழக்கமாகவே இருந்தது. கல்யாணமான மகனை ஒரே கூரைக்குக் கீழே தனி வரவு செலவோடு 'வேறு வைப்பதும்' அவர்கள் வழக்கம். அடுப்பு வேறு, பணம் வேறு, நல்லது கெட்டதுக்கு வீடு ஒன்று. இந்த ஏற்பாட்டை எந்தச் சாதிக்காரரும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். தம்பிக்கும் அதே மாதிரி ஒரு தனிப் பகுதியைக் கொடுங்கள். டைல்ஸ், சானிட்டரி அல்லது ஆன்லைன் ஆர்டர் என்று ஏதாவது ஒன்று. அதன் கொள்முதலும் லாபமும் தனியாகத் தெரிய வேண்டும். ஒரே கல்லாவில் இரண்டு முதலாளிகள் உட்கார்ந்தால் வேலையாட்கள் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல், தங்களுக்குச் சாதகமான பக்கம் சாய்வார்கள்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வருடம் பார்த்தும் ஒத்து வரவில்லை என்றால் பிரியலாம். பிரிவது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. பெரியவர்கள் இருக்கும்போது, யார் எதை நடத்துகிறார்களோ அதை அவர்களுக்கே விட்டுப் பிரிய வேண்டும். 1911-இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய டி.வி.எஸ். இதற்கு நல்ல உதாரணம். வெவ்வேறு கிளைகள் வெவ்வேறு கம்பெனிகளை நடத்தினாலும் பங்குகள் மட்டும் பொது நிறுவனங்கள் வழியாகப் பின்னிக் கிடந்தன. 2020 டிசம்பரில் குடும்ப ஏற்பாடு ஒன்றில் கையெழுத்திட்டார்கள். நடத்துபவர் கைக்கே பங்கும் போகும்படி அது 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பக்கம் பாருங்கள்: திருபாய் அம்பானி 2002-இல் உயில் எழுதாமல் இறந்தார், மகன்களின் சண்டையை ஊரே பார்த்தது, 2005-இல் தாயார் தலையிட்டுத்தான் தொழில்களைப் பிரித்தார்.

உயில் கட்டாயம் வேண்டும். முத்திரைத் தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை, இரண்டு சாட்சி போதும். சொத்து யாருக்குப் போகிறதோ அவரைச் சாட்சியாகப் போடாதீர்கள். 'நாமினி போட்டிருக்கிறேனே' என்று அப்பா சொன்னால், பொதுவாக நாமினி பணத்தை வாங்கி வைத்திருப்பவர்தான், வாரிசு வேறு என்று விளக்குங்கள். கம்பெனிப் பங்குகளுக்கும் இதுதான் நிலை என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அப்பா உணர்ச்சிவசப்பட்டு வீட்டையும் குடோனையும் இப்போதே செட்டில்மெண்ட் எழுதிக் கொடுக்க வந்தால் நீங்களே தடுங்கள். எழுதிக் கொடுப்பதானால் பெற்றோரைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இருக்கட்டும். அந்த நிபந்தனையை மீறினால் பத்திரத்தை ரத்து செய்ய 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டம் வழி கொடுத்திருக்கிறது.

இதையெல்லாம் எங்கே உட்கார்ந்து பேசுவது? சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், கடையில் வேலையாட்கள் காதில் விழும்படியும் வேண்டாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டுக் கூடத்தில் அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, பிள்ளைகள், இரண்டு மருமகள்கள். தங்கை போனில் வரட்டும். போன மாத விற்பனை, வசூல், யாருக்கு என்ன சம்பளம் போனது என்ற தாளை எல்லோர் கையிலும் கொடுங்கள். முதல் இரண்டு மாதம் யாரும் பேச மாட்டார்கள், சங்கடமாக இருக்கும். மூன்றாவது மாதம் உங்கள் மனைவியோ தம்பி மனைவியோ தாளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்பார். அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் 1984 பத்திரத்தை அப்பாவிடம் கேட்டு வாங்குங்கள். பங்கைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள், "ஆடிட்டர் புதுப்பிக்கணும்னு சொன்னார்" என்று என்னைக் காரணம் காட்டுங்கள். பார்ட்னர் இறந்தால் என்ன, விலகினால் என்ன என்று எழுதிய பக்கத்தைத் தேடுங்கள். அந்தக் காலத்து இரண்டு பக்கப் பத்திரங்கள் பலவற்றில் அந்தப் பக்கமே இருக்காது. அதை அப்பாவும் சித்தப்பாவும் சேர்ந்து உட்கார்ந்து படிக்கட்டும். மற்ற பேச்சை அந்த இடத்திலிருந்து அவர்களே ஆரம்பிப்பார்கள்.